சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டமும் மருத்துவமனைப் பதிவும்

கொள்ளைநோய் தடுப்புக்காக 1897இல் இயற்றப்பட்ட இந்தியச் சட்டம் மிகச் சிறியது. நோய் மூண்டபின் அரசுக்குத் தற்காலிக அதிகாரம் அளிப்பதே அதன் நோக்கம். இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில், டி. எஸ். எஸ். இராஜன் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 1939இல் உருவான சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் இதனினும் வேறுபட்டது. குடிநீர், கழிவுநீர், கொசு ஒழிப்பு, தாய்சேய் நலம் ஆகியவற்றை அது உள்ளாட்சிகளின் அன்றாடக் கடமைகளாக்கியது. நெருக்கடிக்கான ஆயத்தம் அமைதிக் காலத்திலேயே தொடங்கவேண்டும் என்னும் புரிதல் இதில் வெளிப்படுகிறது.

தொற்றுநோயைக் காணும் மருத்துவர் அதனை உரிய அலுவலருக்கு அறிவிக்கவேண்டும் என்றும் இச்சட்டம் விதித்தது. ஆனால் அறிவிக்கவேண்டிய தனியார் மருத்துவமனைகள் எவை, எங்குள்ளன என்பதற்குப் பதிவேடு வேண்டுமல்லவா? தங்கும் விடுதிகளின் பதிவைக் கருதிய சட்டம் இதனைக் கருதவில்லை. தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997இல்தான் வந்தது. அதனை நடைமுறைப்படுத்தும் விதிகளோ 2018இல் வெளியாயின. இடைப்பட்ட 21 ஆண்டுகளில் அது பெயரளவுச் சட்டமாகவே இருந்தது எனலாம்.

2020இல் கோவிட் பரவியபோது, நோய்த்தடுப்பு விதிகளை மீறுவோர்மீது அபராதம் விதிக்க அரசு திருத்தியது 1939ஆம் ஆண்டுச் சட்டத்தையே. மருத்துவமனைப் பதிவு விதிகளுக்கு அப்போது வயது இரண்டு.