பிரிட்டனில் வேக வரம்பு அமலாக்கம்

வாகனங்களின் வேகத்தை அளந்து, வரம்பு மீறுவோரைத் தண்டித்து விபத்துகளைக் குறைக்கும் முறை. 1865ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திர வண்டிகளுக்கு நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் என வரம்பு விதித்தது. 1896 ஜனவரியில் கென்ட் பகுதியின் பேடக் வுட்டில் வால்டர் ஆர்னால்டு 8 மைல் வேகத்தில் கார் ஓட்டிச் சென்றார். காவலர் ஒருவர் சைக்கிளில் விரட்டிப் பிடித்தார். அபராதம் 1 ஷில்லிங். வேக மீறலுக்காக அந்நாட்டில் தண்டனை பெற்ற முதல் கார் ஓட்டுநர் இவரே. அவ்வாண்டே வரம்பு 14 மைலாகவும், 1903இல் 20 மைலாகவும் உயர்ந்தது. காவலர்கள் வேலிப் புதர்களுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்ச்சுடன் பதுங்கியிருப்பர். அவர்கள் இருக்குமிடத்தை ஓட்டுநர்களுக்கு முன்கூட்டியே சொல்லவே 1905இல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் தோன்றியது. 1930ஆம் ஆண்டுச் சட்டம் கார்களுக்கான வரம்பை அடியோடு நீக்கியது. 1934இல் 7,343 பேர் சாலையில் மாண்டனர். அன்று ஓடிய வண்டிகளோ இன்று ஓடுபவற்றில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1935 மார்ச்சில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 மைல் வரம்பு வந்தது.

1953 மான்டே கார்லோ கார் பந்தயத்தில் வென்ற டச்சுக்காரர் மவுஸ் காட்சோனிடஸ், வளைவுகளில் தம் வேகத்தைக் கூட்டிக்கொள்ளச் செய்த அளவுகருவியிலிருந்து பிறந்ததே வேகக் கேமரா. ரேடார் மீறலை உணர்ந்ததும் அரை நொடி இடைவெளியில் இரண்டு படங்கள் எடுக்கும். சாலையில் போட்ட வெள்ளைக் கோடுகளில் எத்தனையை வண்டி கடந்திருக்கிறது என்று எண்ணி வேகத்தைச் சரிபார்ப்பர். பிரிட்டனின் முதல் கேமரா 1992இல் லண்டன் ட்விக்கனம் பாலத்தருகே நிறுவப்பட்டது.

2000 முதல் 2007 வரை கேமராச் செலவு அபராதப் பணத்திலிருந்தே ஈடுகட்டப்பட்டது. கஜானாவை நிரப்பும் தந்திரம் என்ற பழி அதனால் எழுந்தது. கணக்கு வேறு சொல்கிறது. கேமரா உள்ள இடங்களில் உயிரிழந்தோரும் பலத்த காயமடைந்தோரும் 42 சதவீதம் குறைந்ததாகவும், செலவைப் போல் 2.7 மடங்கு பயன் கிடைத்ததாகவும் 2005இல் வெளியான ஆய்வு கண்டது. விபத்து மிகுந்த ஆண்டை அடுத்து எண்ணிக்கை தானாகவே ஓரளவு இறங்கும் என்பது உண்மை. அதைக் கழித்தாலும் பயன் மிஞ்சுகிறது. 551 கேமராக்களை ஆராய்ந்த ரிச்சர்ட் ஆல்சாப், மரணமோ பலத்த காயமோ விளைவித்த விபத்துகள் சராசரியாக 22 சதவீதம் குறைந்ததாக 2013இல் எழுதினார். நிதி குறைந்ததால் 2010 ஆகஸ்டில் கேமராக்களை நிறுத்திய ஆக்ஸ்போர்ட்ஷயர், 2011 ஏப்ரலில் அவற்றை மீண்டும் இயக்கியது.

2023 செப்டம்பரில் வேல்ஸ் குடியிருப்புச் சாலைகளின் வரம்பை 20 மைலாக்கியது. குறைந்தபட்ச அபராதம் 2013 முதல் 100 பவுண்டு.