தமிழில் குர்ஆன் மொழிபெயர்ப்பு

தமிழில் குர்ஆன் மொழிபெயர்ப்பு என்பது இசுலாமியரின் புனித நூலான குர்ஆனின் பொருளை அரபு மொழியிலிருந்து தமிழில் தருவதாகும். குர்ஆனின் பொருள் மட்டுமன்றி அதன் சொற்களும் இறைவனிடமிருந்து வந்தவை என்பது இசுலாமிய நம்பிக்கை. ஆகவே எந்த மொழிபெயர்ப்பும் குர்ஆனாகக் கருதப்படுவதில்லை. அதன் பொருள் விளக்கமாகவே கொள்ளப்படுகிறது.

வஹீ

இறைவன் தன் தூதர்களுக்குச் செய்தி அறிவிப்பது வஹீ எனப்படும். உள்ளத்தில் உணர்த்துதல், திரைக்கு அப்பாலிருந்து பேசுதல், வானவரை அனுப்புதல் என மூன்று வழிகளைக் குர்ஆன் (42:51) குறிப்பிடுகிறது. மூசாவுக்குத் தவ்ராத், தாவூதுக்குச் சபூர், ஈசாவுக்கு இன்ஜீல் ஆகிய வேதங்கள் அருளப்பட்டன என்றும், இறுதி வேதமாக முகம்மது நபிக்குக் குர்ஆன் அருளப்பட்டது என்றும் இசுலாமியர் நம்புகின்றனர்.

கி.பி. 610 அளவில் மக்காவை அடுத்த ஹிரா குகையில் வானவர் ஜிப்ரீல் வழியாக முதல் வசனங்கள் அருளப்பட்டன என்பது மரபு. நபி 632இல் மறையும் வரை ஏறத்தாழ 23 ஆண்டுகள் இது தொடர்ந்தது. கலீபா அபூபக்கர் காலத்தில் சைத் இப்னு தாபித் இவற்றைத் தொகுத்தார். கலீபா உதுமான் (ஆட்சி: 644–656) காலத்தில் சீரான படிகள் எடுக்கப்பட்டுப் பல நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. குர்ஆனில் 114 அத்தியாயங்கள் உள்ளன.

மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

தொழுகையில் குர்ஆன் அரபு மொழியிலேயே ஓதப்படுகிறது. அரபு அறியாதவர் தாம் ஓதுவதன் பொருளை அறிய மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது. ஆனால் பல சொற்களுக்கு ஒற்றைத் தமிழ்ச் சொல் போதுவதில்லை. 'ரப்பு' என்பது உரிமையாளன், வளர்ப்பவன், காப்பவன் ஆகிய பொருள்களை உள்ளடக்கியது. தமிழில் பெரும்பாலும் 'இறைவன்' என்றே பெயர்க்கப்படுகிறது. 'தக்வா' என்பதற்கு இறையச்சம், பயபக்தி எனப் பல சொற்கள் ஆளப்படுகின்றன. மூலத்தில் இல்லாத விளக்கச் சொற்களை அடைப்புக்குறிக்குள் இடும் வழக்கமும் உள்ளது.

தமிழ்நாட்டில்

தொடக்கத்தில் குர்ஆன் விளக்கங்கள் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்துகளால் எழுதப்பட்ட தமிழில், இயற்றப்பட்டன. பின்னர் தமிழ் எழுத்திலான மொழிபெயர்ப்புகள் தோன்றின. இதில் ஜவ்வாது மலைக்கு வடக்கே பாலாற்றுப் பகுதியில் அமைந்த வேலூருக்குத் தனியிடம் உண்டு. இங்கு 19ஆம் நூற்றாண்டில் அப்துல் வஹ்ஹாப் நிறுவிய பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியில் பயின்றவர்கள் 'பாகவி' எனப்படுகின்றனர். அவர்களுள் ஒருவரான ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்த மொழிபெயர்ப்பே தமிழின் முதல் முழுமையான குர்ஆன் மொழிபெயர்ப்பாகக் கருதப்படுகிறது. அதன் பெயரும் 'தர்ஜமா', அதாவது மொழிபெயர்ப்பு, என்ற சொல்லுடனேயே தொடங்குகிறது.

இதே பகுதியில், ஆம்பூரை அடுத்த உமராபாத்தில், காகா முகம்மது உமர் 1924இல் ஜாமிஆ தாருஸ்ஸலாம் அரபுக் கல்லூரியை நிறுவினார். பிற்காலத்தில் வேறு பல தமிழ் மொழிபெயர்ப்புகளும் வெளிவந்தன. சவூதி அரேபியாவின் மதீனாவிலுள்ள மன்னர் பகத் குர்ஆன் அச்சகமும் தமிழ் மொழிபெயர்ப்பை வெளியிட்டுள்ளது. பல பதிப்புகளில் அரபு மூலமும் தமிழும் அருகருகே அச்சிடப்படுகின்றன. இதனால் ஓதுவதற்கு மூலமும், பொருளறியத் தமிழும் ஒரே நூலில் கிடைக்கின்றன.