தகரப் பெட்டியிலே கிடக்கும் சரித்திரம்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்ததும் வருவது எமது அலவத்துகொட. இத்தெருவழியே நாள்தோறும் பஸ் வண்டியிற் போய்வரும் எம்மில் எத்தனை பேர், இது நம் முன்னோர் கால்நடையாக நடந்து வந்த தெரு என்பதை எண்ணிப் பார்க்கின்றோம்? கோப்பிக் காலத்திலே, மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காடுகளை ஊடறுத்து, தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை வழியாகவே கண்டிச் சீமைக்குள் வந்தனர். பின்னர் அந்நடைவழி ஓய்ந்தது; 1914ஆம் ஆண்டில் தலைமன்னார் வரை இருப்புப்பாதையும் திறக்கப்பட்டது. காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலே மாண்டவர்களின் பெயரை எந்தக் கல்லும் தாங்கி நிற்கவில்லை.

இதே தெருவிலே, மாத்தளையை அடுத்து அளுவிகாரை என்னும் குகைக்கோயில் உண்டு. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டிலே, போரும் பெரும்பஞ்சமும் இந்நாட்டை வாட்டிய வேளையிலே, அதுவரை பிக்குகள் வாய்மொழியாக ஓதி வந்த திரிபிடகம் ஓலையில் எழுதப்பட்ட இடம் அதுவென்பர். மனனஞ் செய்தவர்கள் மாண்டுபோனால் மனனஞ் செய்ததும் மாண்டுபோகும் என்று அக்காலத்துப் பிக்குகள் அஞ்சினார்கள். அஞ்சியதோடு நில்லாமல் எழுத்தாணியைக் கையில் எடுத்தார்கள். சமயத்தால் வேறுபட்டவராயினும், இவ்விஷயத்தில் அவர்களிடம் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

போர் வந்த காலம்

இரண்டாவது உலகப் போர் 1939ஆம் ஆண்டு செப்டெம்பரிலே தொடங்கியது. முதலிரண்டு ஆண்டுகள் அது நமக்குத் தூரத்து இடிமுழக்கமாகவே இருந்தது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சிலே ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆந் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலே குண்டு வீசின. 9ஆந் திகதி திருக்கோணமலை தாக்கப்பட்டது. 'குண்டு போட்ட வருஷம்' என்று மூத்தோர் வழங்குவது இந்த ஆண்டைத்தான்.

மலைநாட்டிலே குண்டு விழவில்லை. ஆனாற் போர் அடுப்பங்கரை வரை வந்தது. பர்மா அரிசியை உண்டு வாழ்ந்த நாடு இது. பர்மா போனதும் அரிசி போயிற்று; அரிசி கூப்பனுக்குள் அடங்கிற்று; கோதுமை மா அடுப்பிலேறியது. மலாயா பகைவர் கைக்குப் போனமையால் நேச நாடுகளுக்கு இறப்பர் கொடுக்கும் முதன்மையான இடம் இலங்கையாயிற்று. மரம் பட்டுப்போனாலும் போகட்டும் என்று பால் வெட்டினார்கள். வெட்டிய கைகள் யாருடையவை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1944 ஏப்ரலிலே தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. பேராதனைப் பூந்தோட்டத்திலே கொட்டில்கள் எழுந்தன. தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு கண்டி நகரில் இன்று ஜனாதிபதி மாளிகையாக உள்ள மாளிகையிலே தங்கினார். பர்மாப் போரின் திட்டங்கள் நமது மகாவலிக் கரையிலே தீட்டப்பட்டன.

எழுதப்பட்டவரும் எழுதப்படாதவரும்

அப்படைத் தலைமையகத்தின் கோப்புகள் இன்று எங்கே? இலண்டனிலுள்ள பிரித்தானியத் தேசிய சுவடிக்கூடத்திலே இலக்கமிட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. மவுண்ட்பேட்டனின் அறிக்கை 1951இல் அச்சேறி நூலாகவே வந்துவிட்டது. போரில் உயிரிழந்த வீரர்களுக்கோ, கண்டி நகருக்குத் தென்மேற்கே போர்க்கால மயானம் ஒன்று உண்டு. இருநூறு பேரளவில் அங்கே துயில்கின்றனர். பிரித்தானியர் மட்டுமல்லர், கிழக்காபிரிக்கர், இந்தியர், இலங்கையர், கனடியர், இத்தாலியர் எனப் பலரும் உளர். ஒவ்வொருவருக்கும் ஒரு கல். பெயர் தெரிந்தவர் கல்லிலே பெயர். புல் வெட்டி, பூச்செடி நட்டு இன்றும் பேணி வருகிறார்கள். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. இறந்தவர்க்குச் செய்யும் மரியாதை இதுவே.

ஆனால், பூந்தோட்டத்துக் கொட்டில்களிலே சமைத்தவர் யார்? மூட்டை சுமந்தவர் யார்? இறப்பர்ப் பால் வெட்டியவர் யார்? இரண்டு கொத்து அரிசியை ஆறு வாய்களுக்குப் பங்கிட்ட தாய் யார்? அவர்களுக்குக் கோப்பும் இல்லை, கல்லும் இல்லை.

இக்குறை நமக்கு மாத்திரம் உரியதன்று. சீயத்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட இருப்புப்பாதையிலே 1942, 1943ஆம் ஆண்டுகளில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் பன்னீராயிரவருக்கு மேற்பட்டோர். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் தாய்லாந்திலும் பர்மாவிலும் உண்டு. அதே பாதையிலே அவர்களிலும் பன்மடங்கு தொகையினராக மாண்ட ஆசியத் தொழிலாளருக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் உட்பட, அத்தகைய பெயர்க் கற்கள் இல்லை. திருச்சிராப்பள்ளி, சேலம் ஜில்லாக்களிலிருந்து அண்ணன் மலாயாவுக்கும் தம்பி இலங்கைக்குமாகக் கப்பலேறிய குடும்பங்கள் உண்டல்லவா? அந்தப் பெயரற்றவர்கள் நமக்கு அந்நியரல்லர்.

ஒரு துண்டுக் கடதாசியின் விலை

பழங்கதை பேசி ஆவதென்ன என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லுகின்றோம்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது யாவரும் அறிந்ததே. அடுத்து 1949ஆம் ஆண்டிலே இந்திய பாகிஸ்தானியர் வதிவிடப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அச்சட்டப்படி மனுச் செய்பவர் என்ன காட்டவேண்டும்? 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன், மணமானவராயின் 7 ஆண்டும் மணமாகாதவராயின் 10 ஆண்டும், இடையறாது இலங்கையிலே வசித்தமையைக் காட்டவேண்டும். ஏழாண்டைப் பின்னோக்கி எண்ணுங்கள். 1939 ஜனவரி வரும். ஆகவே, சட்டம் கேட்ட ஆண்டுகள் அத்தனையும் ஏறக்குறையப் போர்க்கால ஆண்டுகளே!

குண்டுக்கு அஞ்சிப் பிள்ளைகுட்டிகளுடன் 1942இல் ஊருக்குப் போய், பன்னிரண்டு மாதத்துக்குமேல் அங்கே தங்கிவிட்டவருக்கு வதிவு அறுந்ததாகக் கணக்கு. தோட்டம் மாறித் தோட்டம் போனவர் செக்றோலிலே தம் பெயர் இருந்ததைக் காட்டவேண்டும். பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், பாடசாலை இடாப்பிலுள்ள பெயர், அரிசிக் கூப்பன், ஒரு பழைய கடிதத்தின் தபால் முத்திரை, இவை யாவும் அன்று வெறுங் கடதாசியல்ல. ஒரு குடும்பத்தின் நாடு அவற்றிலே தங்கியிருந்தது. 1951 ஆகஸ்ட் 5இல் மனுக் காலம் முடிந்தபோது, ஏறத்தாழ 824,000 பேருக்காக மனுக்கள் சென்றிருந்தன. முடிவிலே பிரஜாவுரிமை பெற்றவரோ ஏறத்தாழ 134,000 பேர் மாத்திரமே.

மறுக்கப்பட்டமைக்குக் கடதாசிக் குறையே முழுக் காரணம் என்று சொல்ல வரவில்லை. சட்டத்தின் நோக்கமே நம்மைக் கழிப்பதாக இருந்தது. எனினும், தன் வாழ்க்கையைத் தானே எழுதிவைக்காத சமூகத்தின் வாழ்க்கையைப் பிறர் எழுதிய இடாப்புகளே தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனத் தலைக்கணக்காகப் பங்கிட்டது. 150,000 பேரின் கதி பின்னர் 1974இல் தீர்க்கப்பட்டது. எஞ்சியோர் குறை நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. இடையில் 1977இலும் 1983இலும் நடந்த கலவரங்களிலே எரிந்த வீடுகளோடு எரிந்த பெட்டிகள் எத்தனையோ!

காத்தவர்கள்

முற்றும் அழிந்துபோயிற்று என்று சோர்வடைய வேண்டாம். நம்மவரிலே காத்தவர்களும் உளர். கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் பாராளுமன்றத்திலே அமர்ந்தவராயினும், லயங்கள் தோறும் கேட்ட பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கினார். எழுத்தறியாத் தாய்மார் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் வைத்த சரித்திரம் அவ்வாறு அச்சேறியது. சாரல்நாடன் அவர்கள் கோ. நடேசய்யரின் வாழ்வைத் தேடித் திரட்டி எழுதியிராவிடின், தேசபக்தன் பத்திரிகையின் ஆசிரியரை இன்று எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

கம்பளையை அடுத்துள்ள பழைய லயமொன்றிலேயே, தோட்டத் தொழிலாளர் அரும்பொருட் காட்சிச்சாலையும் ஆவணக் காப்பகமும் 2007ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றன. முன்னோர் புழங்கிய பொருள்களை அவர்கள் வாழ்ந்த காம்பராவிலேயே காணலாம். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகமோ, ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் சிறு துண்டுப் பிரசுரங்களையும் படமெடுத்துச் சேர்த்து வருகிறது. 1981இல் யாழ்ப்பாண நூல்நிலையம் எரிந்ததைக் கண்ட சமூகம், ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைப்பது ஆபத்து என்பதைப் பட்டறிந்து செய்த காரியம் அது. கொழும்பிலே 1973ஆம் ஆண்டு 48ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் தேசிய சுவடிக்கூடத்திலே அரசாங்க அறிக்கைகளும் பழைய பத்திரிகைகளும் உள்ளன. அவற்றைப் பார்வையிட நம் இளைஞர்க்கும் உரிமையுண்டு, போவாரைத்தான் காணோம்.

நாம் செய்ய வேண்டுவது

1942இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். அத்தகையோர் நம் சுற்றுப்புறத் தோட்டங்களிலே விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே இருப்பர். ஆகவே, அடுத்த மலர் வரும்வரை காத்திருக்கக்கூடிய வேலையன்று இது.

எமது கோயிற் பழங் கணக்குப் புத்தகத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் தேடினோம். பத்திரமாக இருக்கிறதென்றே எல்லோரும் நம்பியிருந்தோம். பெட்டியைத் திறந்தபோது அட்டை மாத்திரம் இருந்தது. உள்ளே கறையான் புற்று. யாரும் அதை எறியவில்லை, எரிக்கவுமில்லை. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவே. யார் யார் எத்தனை சதம் கொடுத்து அக்கோயிலை எழுப்பினார்கள் என்பதை இனி ஒருவராலும் சொல்ல முடியாது. அவ்வெட்கமே எம்மை இதை எழுதத் தூண்டியது.

இளைஞர்களே, இருவர் இருவராகச் செல்லுங்கள். ஒருவர் பேச்சுக் கொடுக்கட்டும். மற்றவர் கைப்பேசியிலே குரலைப் பதிவு செய்யட்டும். பாட்டி பேசுகிற பேச்சைத் திருத்தாதீர்கள். அவர் சொன்ன சொல்லே பொக்கிஷம். 'எந்த ஆண்டு?' என்று கேட்டால் விடை வராது. 'குண்டு போட்டபோது உங்களுக்கு விபரம் தெரியுமா? தம்பி பிறந்திருந்தாரா? அப்போது எந்தத் தோட்டம்? கணக்கப்பிள்ளை யார்?' என்று கேளுங்கள். ஆண்டு தானே வெளிவரும். ஞாபகம் பிசகுவதும் உண்டு. ஆகையால் இருவர் மூவரிடம் கேட்டு, திகதியிட்ட கடதாசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடதாசியைக் கண்டால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அது அக்குடும்பத்தின் சொத்து. அங்கேயே படமெடுத்து, உடையவரிடமே திருப்பிக் கொடுங்கள். பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டுவதும், ஒட்டுநாடாவால் கிழிசலை ஒட்டுவதும் நாளடைவிற் கடதாசியைக் கெடுக்கும். புகைப்படத்தின் பின்புறத்திலே பென்சிலால் மெல்லப் பெயரும் இடமும் ஆண்டும் எழுதுங்கள். பெயரெழுதாத படம் ஒரு தலைமுறை கழிந்தால் அநாதை. எடுத்த பிரதிகளில் ஒன்று சங்கத்திலும், ஒன்று ஊருக்கு வெளியே நம்பகமான காப்பகத்திலும் இருக்கட்டும். மண்சரிவும் வெள்ளமும் அறியாத மலையல்லவே நம் மலை.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். 'பட்ட பாட்டை ஏன் கிளறுவான்?' என்று நீங்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பசித்ததைச் சொல்லக் கூச்சம், லயத்திலே பிறந்ததைச் சொல்லக் கூச்சம். கூச்சம் உங்களுக்குரியதன்று, பசிக்க வைத்தவர்களுக்குரியது. நீங்கள் சொல்லாது போனால், உங்கள் பேரப்பிள்ளைகள் தாம் எங்கிருந்து வந்தோம் என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிவார்கள். பிறர் சொல்லும்போது அது எப்படியிருக்கும் என்பதை 1948இலேயே கண்டோம்.

கண்டி மயானத்திலே கற்கள் வரிசையாக நிற்கின்றன. நமக்குக் கல் நாட்டும் வசதி இல்லாதிருக்கலாம். ஒரு கொப்பிப் புத்தகமும் ஒரு பென்சிலும் எந்த வீட்டிலும் உண்டு. இன்றிரவு வீடு சென்றதும், கட்டிலின்கீழ்க் கிடக்கும் அந்தத் தகரப் பெட்டியை வெளியே இழுத்து, மூடியைத் திறந்து, பாட்டியை அருகில் அமர்த்தி, 'இது யாருடையது?' என்று கேளுங்கள்.