மகிழம்பூத் தெரு

சர்க்கரை நோய் வந்த பிறகுதான் நான் நடக்க ஆரம்பித்தேன். டாக்டர் சொன்னார்: "தினமும் முக்கால் மணி நேரம் நடங்க. வேலைக்குப் போற நடை இல்ல, சும்மா நடங்க." சும்மா நடப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் சும்மா நடந்ததில்லை. நாற்றுக்கட்டைச் சுமந்து நடந்தார்கள். செத்த மாட்டைத் தூக்கி நடந்தார்கள். சாவுச் சேதி சொல்ல ஊர் ஊராய் நடந்தார்கள். கையில் சுமையும் இல்லாமல், போய்ச் சேர இடமும் இல்லாமல் ஒரு தெருவில் நடப்பது என் தலைமுறையில்தான் வந்திருக்கிறது.

சென்னையில் நான் குடியிருக்கும் பகுதியில் ஒரு தெரு முழுக்க மரமல்லி. கார்த்திகை, மார்கழியில் ராத்திரி பூத்து விடியலில் உதிரும். நீளக் காம்போடு வெள்ளை வெள்ளையாய்த் தார் ரோட்டில் கிடக்கும். தெரு முனைக்கு வரும்போதே வாசம் வந்துவிடும். கூட நடக்கிற நண்பர் சாதி இந்து, நல்ல மனுஷன். மரத்தடியில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுப்பார். "நில்லுங்க சார், என்ன அவசரம்?" என்பார். அப்போதுதான் கவனித்தேன். வாசம் வந்ததும் என் கால் வேகமெடுக்கிறது. அவரை நிற்கச் சொல்கிற வாசம் என்னை ஓடச் சொல்கிறது. பூ ஒன்றுதான். எங்கள் இரண்டு பேர் மூக்குக்கும் பின்னால் இருக்கிற வரலாறுதான் வேறு வேறு. அந்த வரலாற்றை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் கீழத்தஞ்சைப் பக்கம். மேற்கே கோயிலும் அக்ரகாரமும், நடுவில் குடியானத்தெரு, வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே சேரி. ஏன் கிழக்கே என்று கேட்டால் அப்பாயி சொல்லும்: "மேக்காத்து அடிக்கிற ஊருடா இது. நம்ம மேல பட்ட காத்து அவுங்க மேல படக்கூடாதாம்." காற்றுக்கும் தீட்டு. ஆனால் அவர்கள் போட்ட கணக்கில் ஒரு பிழை இருந்தது. எங்கள் மேல் பட்ட காற்று அவர்கள் பக்கம் போகாது, சரி. அவர்கள் பக்கத்துக் காற்று எங்கே போகும்? எங்கள் குடிசைக்குத்தானே வரும்? கோயில் வாசலில் ஒரு பெரிய மகிழமரம் நின்றது. வைகாசி, ஆனியில் மேற்கே காற்று கிளம்பினால் ராத்திரியெல்லாம் சேரி மணக்கும். பார்க்க விடாத மரத்தின் வாசத்தை அவர்களால் தடுக்க முடியவில்லை.

1972ல் எனக்குப் பத்து வயது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955ல் வந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு நேர்வழியான கோயில் தெருவில் நாங்கள் போவதில்லை. வாய்க்கால் கரையோடு சுற்றித்தான் போவோம். ஒருநாள் விடியலில் தனியாகக் கோயில் தெருவுக்குள் போனேன். மரத்தடி முழுக்கப் பூ. சின்னச் சின்னதாய், நடுவில் ஓட்டையோடு, நூல் கோக்கத் தோதான பூ. ஒரு கை அள்ளி மூக்கில் வைத்தேன். திண்ணையிலிருந்து ஒரு கிழவரின் குரல்: "ஏண்டா, மோப்பமா புடிக்கிற? போடா அந்தாண்ட!" அடிக்கவில்லை, துரத்தவில்லை. அந்த ஒரு வார்த்தை போதும். மோப்பம் பிடிப்பது நாய். வாய்க்கால் வரைக்கும் ஓடினேன்.

அப்பாயி கையைப் பிரித்துப் பார்த்தது. முதலில் கேட்டது பூவைப் பற்றி அல்ல. "யாராச்சும் பாத்தாங்களா?" என்றது. பிறகு பூவை முகர்ந்தது. தலையில் வைக்கவில்லை. சுருக்குப்பையில் வெற்றிலைக்கு அடியில் போட்டுக்கொண்டது. மகிழம்பூ காய்ந்தாலும் வாசம் போகாது. பல மாசத்துக்கு அப்பாயி வெற்றிலை போட்டால் மகிழம்பூ மணக்கும். ஏன் தலையில் வைக்கவில்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை. முப்பது வருஷம் கழித்து ஒரு புத்தகம் படித்தபோது புரிந்தது.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை ஆணையராக இருந்த ஹட்டன் பின்னாளில் இந்தியாவின் சாதி பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ராமநாதபுரம் மாவட்டச் செய்தி ஒன்று இருக்கிறது. 1930 டிசம்பரில் அந்தப் பகுதிக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது, முடி வெட்டிக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண் பாத்திரம்தான். பெண்கள் மேலாடை போடக்கூடாது. குடை, செருப்பு கூடாது. இவற்றோடு ஏழாவதாக ஒன்று: பெண்கள் பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. தடையை மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த வருஷம் ஜூனில் தடைகள் பதினொன்றாயின.

நகையைத் தடுத்தது புரிகிறது, அது சொத்து. செருப்பைத் தடுத்தது புரிகிறது, அது மரியாதை. பூவை ஏன் தடுக்க வேண்டும்? வேலியில் பூப்பது, காசில்லாமல் கிடைப்பது, சாயங்காலத்துக்குள் வாடிப்போவது. யோசித்தால் ஒன்றுதான் தோன்றுகிறது. சேரிப் பெண் மணக்கக்கூடாது. அவள் மணந்தால், சேரி நாறும் என்று அவர்கள் கட்டிய கதை பொய்யாகிவிடும். ராமநாதபுரம் எங்கள் ஊருக்கு வெகுதூரம். ஆனால் தடை போட்டுச் சொல்லாத ஊர்களிலும் தடை இருந்தது. என் அப்பாயியின் சுருக்குப்பைக்குள் இருந்தது.

'நாறும்' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பழைய தமிழில் நாற்றம் என்றால் மணம். மொட்டுக்குள் அடங்கியிருக்கும் வாசத்தைச் சொல்ல வள்ளுவர் எடுத்த சொல் நாற்றம்தான். சேரி என்ற சொல்லும் அப்படியே. சேர்ந்து குடியிருக்கும் இடமெல்லாம் சேரிதான். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், அதாவது பத்தாம் நூற்றாண்டில், பிராமணர்களின் சதுர்வேதிமங்கலத்தில் பன்னிரண்டு சேரிகள் இருந்தன. அதே நூற்றாண்டு முடிந்து ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளுக்கு வந்தால் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். பிறகு அடைமொழி தேவைப்படவில்லை, சேரி என்றாலே நாம் என்று ஆயிற்று. மணத்தைச் சொன்ன சொல் துர்நாற்றத்துக்குப் போனது. குடியிருப்பைச் சொன்ன சொல் ஒதுக்குப்புறத்துக்குப் போனது. இரண்டு சொல்லையும் ஒரே வாக்கியத்தில் வைத்து இன்றைக்கும் நம்மைத் திட்டுகிறார்கள்.

சேரியில் மரமே இல்லையா? இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் நந்தனாரின் ஆதனூர்ப் புலைப்பாடியை வருணிக்கும்போது மரங்களைச் சொல்கிறார். மருதமர நிழலில் உழத்தி தோலை விரித்துக் குழந்தையைத் தூங்க வைக்கிறாள். மாமரத்தில் பறைகள் தொங்குகின்றன. மரங்கூட அங்கே வேலை பார்க்கிறது. பிள்ளை தூங்க இடம், கருவி மாட்ட இடம். கோயில் முரசுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர் நந்தனார். அவர் கொடுத்த கோரோசனை கருவறை வரைக்கும் போனது. அவர் வாசலில் நின்றார். புங்க மரத்தால் பெயர் பெற்ற திருப்புன்கூரில் நந்தி விலகியதே தவிர, நந்தனார் உள்ளே போகவில்லை. தில்லைக்குப் போனார். அங்கேயும் ஊர் எல்லையை இரவும் பகலும் சுற்றிச் சுற்றி நடந்தார். வேள்விப் புகை எழுவது தெரிகிறது, தெருவுக்குள் கால் வைக்க முடியவில்லை. கடைசியில் நெருப்பில் இறங்கிப் பூணூலோடு எழுந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். தமிழில் நமக்குக் கிடைக்கிற முதல் பெரிய நடைக்கதை இது. ஊரைச் சுற்றி நடந்த கதை, ஊருக்குள் நடந்த கதை அல்ல.

ஊருக்குள் நடப்பதைச் சட்டமாகக் கேட்டவர் ரெட்டமலை சீனிவாசன். 1893ல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தியவர். தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த காலத்தை எழுதியிருக்கிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர எல்லோரும் பிராமணர்கள். சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்று பயந்து, மணி அடிக்கும் வரை வெளியிலேயே இருந்துவிட்டுப் பிறகு வகுப்புக்குள் போவார். பள்ளி விட்டதும் மற்றப் பையன்கள் கிட்டே வருமுன் வேகமாக நடந்து வீடு போய்ச் சேர்வார். இதைப் படித்தபோது என் கால்தான் ஞாபகம் வந்தது. அந்த வேக நடை அவர் காலிலும் இருந்திருக்கிறது. அந்தப் பையனுக்கு வழியில் என்ன மரம் பூத்தது என்று பார்க்க நேரம் இருந்திருக்குமா?

அந்த வேக நடைக்காரர்தான் 1924ல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். எந்தச் சாதியாரும் எந்த ஊரிலும் பொதுச் சாலை, தெரு, பாதை வழியே நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அலுவலகங்களில் சாதி இந்துக்களுக்கு உள்ள அதே உரிமை ஒடுக்கப்பட்டவர்களுக்கும் உண்டு. தீர்மானம் நிறைவேறி அரசாணையும் வந்தது. அதே 1924 மார்ச்சில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடக்கும் உரிமைக்குப் போராட்டம் தொடங்கியது. 1925 நவம்பரில் முடிந்தபோது மூன்று பக்கச் சாலைகள் திறந்தன, கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. காகிதத்தில் வந்த உரிமை எங்கள் ஊர்க் கோயில் தெருவுக்கு 1972லும் வந்து சேராததை ஏற்கெனவே சொன்னேன்.

வாசமுள்ள மரங்களில் பல கோயில் தலவிருட்சங்கள். திருவொற்றியூரில் மகிழம், மயிலாப்பூரில் புன்னை. அந்தக் கோயில்களுக்குள் நாம் நுழைய எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை அளக்க ஒரு மரத்தை எடுத்துக்கொள்ளலாம். நாகலிங்க மரம். அடிமரத்திலேயே பூக்கும், வாசம் தூக்கும். பாம்பு படமெடுத்துக் குடை பிடிப்பது போல ஒரு அமைப்பு, அடியில் லிங்கம் போல ஒரு மேடு. பலரும் அதை ஆதிகாலத்துச் சிவன் மரம் என்று நினைக்கிறார்கள். அது தென்னமெரிக்க மரம். கயானாக் காட்டில் அதைப் பார்த்த ஒரு பிரெஞ்சுக்காரர் 1775ல்தான் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். கடல் தாண்டி வந்த மரத்துக்குப் பெயர் வைத்து, கதை கட்டி, கோயிலுக்குள் நட்டுக் கும்பிட்டார்கள். குலம் கோத்திரம் கேட்கவில்லை. கோயில் மதிலுக்குக் கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போக 1939 ஜூலை 8 வரை காத்திருந்தார்கள். மாகாணம் முழுக்கச் சட்டம் வர 1947 ஆயிற்று. ஒரு பூவின் வடிவத்தில் லிங்கத்தைக் காண முடிந்தவர்களால் எதிரே நின்றவனிடம் மனுஷனைக் காண முடியவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது, மூக்கு என்பது அவர்களுக்கு மட்டும் இருந்தது போல ஆகிவிடக்கூடாது. அப்பாயிக்கு இருந்த மூக்கு யாருக்கும் வராது. பங்குனியில் சேரி வேம்பு பூத்தால் பாயை மரத்தடிக்குக் கொண்டுபோகும், பூ உதிர உதிரக் கூட்டி ரசத்துக்குச் சேர்க்கும். சுடுகாட்டுப் பாதையில் ஒரு வாகை நின்றது. இருட்டில் பிணம் எடுத்துப் போகும்போது அதன் வாசம் வந்தால் "பாதி வழி வந்தாச்சு" என்பார்கள். விடியுமுன் இலுப்பைத் தோப்புக்குப் போய் உதிர்ந்த பூவைப் பொறுக்குவோம். கள் மாதிரி ஒரு வாசம், தின்றால் இனிப்பு. சர்க்கரை வாங்கக் காசில்லாத வீட்டில் அதுதான் பலகாரம். இலுப்பைக் கொட்டையை உடைத்துச் செக்குக்குக் கொடுத்தது எங்கள் பெண்கள். அந்த எண்ணெயில் கோயில் விளக்கு எரிந்தது. நந்தனார் கொடுத்த கோரோசனையின் கதைதான் இதுவும். எங்கள் வாசங்களை யாரும் பாட்டில் எழுதவில்லை. எழுத வேண்டியது நாம்தான்.

போன வருஷம் வைகாசியில் மகளோடு ஊருக்குப் போனேன். மகிழமரம் இருக்கிறது. கோயில் தெருவில் சிமெண்ட் ரோடு போட்டிருக்கிறார்கள். அந்தத் திண்ணை இல்லை, அந்த இடத்தில் கிரில் கேட். செருப்புக் காலோடு மரத்தடிக்குப் போனோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் நான் கேட் பக்கம் ஒரு தடவை பார்த்தேன், மறுபடி ஒரு தடவை பார்த்தேன். மகள் குந்தி உட்கார்ந்து பூப் பொறுக்கினாள். எண்ணிப் பார்த்தேன், ஒரு தடவைகூட அவள் அந்த வீட்டுப் பக்கம் நிமிரவில்லை. கோத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "போலாமாப்பா?" என்றாள்.

எல்லா ஊரும் அப்படி மாறிவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். பொதுப்பாதையில் பிணம் கொண்டுபோக விடாத ஊர்கள் இருக்கின்றன. செருப்போடு, சைக்கிளோடு நடந்ததற்கு அடி வாங்கியவர்கள் நம்மிடையே உயிரோடு இருக்கிறார்கள். சட்டம் கொடுத்தது நடக்கும் உரிமையை. நிற்பதற்குத் தைரியம் வேண்டும், அது ஒரு தலைமுறையில் காலுக்கு வந்துவிடாது.

இப்போதும் காலையில் மரமல்லித் தெருவில் நடக்கிறேன். வாசம் வந்ததும் கால் வேகமெடுக்கிறது. நண்பர் வழக்கம்போல நிற்கிறார். ஏன் ஓடுகிறேன் என்று அவருக்குப் போன வாரம்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நான் திரும்பி வந்து அந்த மரத்தடியில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.