ஹாலோகிராம் நினைவகம்

ஹாலோகிராம் நினைவகம் என்பது கணினித் தரவைப் பொருளின் மேற்பரப்பில் மட்டுமன்றி அதன் கனஅளவு முழுவதிலும் ஒளியால் பதியும் சேமிப்பு முறை. ஒளியியல் நினைவகங்களுள் ஒரு வகை. லேசர்க் கற்றை இரண்டாகப் பிரிக்கப்படும். ஒரு கற்றை, ஒளியும் இருளுமான புள்ளிகளால் ஆன தரவுப் பக்கத்தைத் தாங்கி வரும். மற்றது குறிப்புக் கற்றை. இவை சந்திக்குமிடத்தில் உண்டாகும் குறுக்கீட்டுக் கோலம் லித்தியம் நயோபேட் படிகத்திலோ ஒளிப்பலபடியிலோ பதிவாகும். குறிப்புக் கற்றையின் கோணத்தை மாற்றினால் அதே இடத்தில் வேறு பக்கங்களையும் பதியலாம். படிக்கும்போது பக்கம் முழுவதும் ஒரே சமயத்தில் உணரிக்கு வந்துசேரும். இதுவே இம்முறையின் தலையாய சிறப்பு.

இக்கருத்தைப் பீட்டர் வான் ஹீர்டன் 1963இல் முன்வைத்தார். 1994இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹெசலிங்க் குழுவினர் படிகத்தில் எண்முறைத் தரவைப் பதிந்து மீட்டனர். அக்காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா முகமை, பிரிசம், எச்டிஎஸ்எஸ் ஆகிய இரு கூட்டுத் திட்டங்களுக்கு நிதியளித்தது. முன்னது பதிவுப் பொருள்களையும் பின்னது முழுச் சேமிப்பு அமைப்பையும் ஆராய்ந்தன. ஐபிஎம் ஆய்வகமும் ஸ்டான்ஃபோர்டும் இவற்றில் பங்கேற்றன.

படிக்கும் ஒளியே படிகத்தின் பதிவை மெல்ல அழிப்பதும், பலபடிகள் பதிவின்போது சுருங்குவதும் பெருந்தடைகள். காந்த வன்தட்டுகளின் விலைச்சரிவும் சேர்ந்ததால் இந்நினைவகம் பரவலான வணிகப் பயன்பாட்டை எட்டவில்லை.