வல்லாரைக்கு நீர் பாய்ச்சுதல்

வல்லாரை என்பது ஈர நிலத்தில் படர்ந்து வளரும் பல்லாண்டுக் கீரை மூலிகை ஆகும். ஒருமுறை வேரூன்றிவிட்டால் ஆண்டுக்கணக்கில் அறுத்துப் பயன்படுத்தலாம். ஆகையால் இதற்கு நீர் கொடுக்கும் முறையைப் பருவந்தோறும் மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்திற்கு ஏறத்தாழ 15 கி.மீ. தெற்கே கல்பாக்கத்தை ஒட்டி அமைந்துள்ள புதுப்பட்டினம் போன்ற மணற்பாங்கான கடலோர ஊர்களில் இது எளிய செயல் அன்று. இவ்வூர்களில் எவ்வளவு நீர் என்பதைவிட எந்த நீர் என்பதே முதன்மையான கேள்வியாகும்.

தாவர இயல்பு

வல்லாரையின் தாவரவியல் பெயர் சென்டெல்லா ஏசியாட்டிகா. கொத்தமல்லியும் சீரகமும் அடங்கிய அப்பியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. 1753 ஆம் ஆண்டில் லின்னேயசு இதனை வேறொரு பேரினத்தில் வைத்து விவரித்தார். 1879 இல் செருமானியத் தாவரவியலாளர் உர்பான் இதனைச் சென்டெல்லா பேரினத்திற்கு மாற்றினார். சிங்களத்தில் இது கொட்டுகொல எனப்படுகின்றது.

தரையோடு ஓடும் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேரும் இலைக்கொத்தும் தோன்றும். இயற்கையில் வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம், ஏரிக்கரையின் கசிவு நிலம் ஆகிய இடங்களில் காணப்படுகின்றது. ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டுப் பகுதியில் இத்தகைய இடங்களுக்குக் குறைவில்லை. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் இலைக்காம்பு நீண்டு, இலை அகன்று வளரும். வெயிலில் ஈரம் குறைந்தால் காம்பு குட்டையாகி, இலை சிறுத்துத் தடிக்கும். நீர் போதவில்லை என்பதை இலை வாடும் முன்பே இம்மாற்றம் காட்டிவிடும்.

பிரம்மி என்னும் பெயர் வல்லாரைக்கும் நீர்ப்பிரமிக்கும் வழங்குவதால் குழப்பம் நேர்வதுண்டு. நீர்ப்பிரமி உவர்நீரை ஓரளவு தாங்கும். வல்லாரை அவ்வளவு தாங்காது. எனவே ஒன்றுக்குரிய அறிவுரையை மற்றதற்குப் பின்பற்றலாகாது.

மணலும் நிலத்தடி நீரும்

மணல் மண், ஒரு மீட்டர் ஆழத்தில் தாவரம் எடுத்துக்கொள்ளத்தக்க நீராக 60 முதல் 100 மி.மீ. வரையே தேக்கி வைக்கும். வல்லாரையின் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் இருப்பவை. மேல் 15 செ.மீ. மண்ணில் அவற்றுக்குக் கிடைப்பது 9 முதல் 15 மி.மீ. மட்டுமே. களிமண்ணில் இதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நீர் நிற்கும்.

கடலோர மணலில் மழைநீர் இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்திற்கு மேலுள்ள நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால், கீழிருக்கும் உவர்நீரின் எல்லை 40 மீட்டர் வரை மேலேறக்கூடும் என்பது நிலத்தடி நீரியலில் அறியப்பட்ட கணக்கு. ஆழமான ஆழ்துளைக் கிணறு உவர்ப்பாகிவிட்ட தோட்டத்திலும் ஆழமற்ற துரவில் நல்ல நீர் இருப்பதற்கு இதுவே காரணம். இக்கடற்கரையில் சவுக்குக் கன்றுகளுக்கு இத்தகைய குழிகளிலிருந்து குடத்தால் மொண்டு ஊற்றுவது பழைய வழக்கம். விசைப்பம்பு கொண்டு நெடுநேரம் இறைத்தால் அந்த மேல்நீர் விரைவில் தீர்ந்துவிடும். காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக எடுப்பதே நல்லது.

பாலாற்றின் முகத்துவாரம் வயலூர் அருகே உள்ளது. கடல்நீர் உட்புகுவதைத் தடுக்கவும் நிலத்தடி நீரைப் பெருக்கவும் அங்குத் தடுப்பணை கட்டப்பட்டுள்ளது. இப்பகுதியூடாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் நீர் உவர்ப்பானது, கீரைப்பாத்திக்கு உதவாது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது தமிழகக் கரையோரக் கிணறுகள் பலவற்றில் கடல்நீர் புகுந்து அவை உவர்ப்பாயின.

கோடை

பங்குனி முதல் ஆனி வரையிலான காலமே வல்லாரைக்குக் கடினமானது. மே மாதத்தில் ஈரமான பாத்தியிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மி.மீ. நீர் ஆவியாகிச் செல்லும் எனக் கொள்ளலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்பது 1 லிட்டர். ஆகவே ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாள்தோறும் 6 லிட்டர் தேவைப்படும். மேற்சொன்ன மணலின் கொள்ளளவோடு ஒப்பிட்டால், இரண்டு நாள் இடைவெளிகூட மிகுதி என்பது விளங்கும்.

ஆனால் நீரைக் கூட்டுவது மட்டும் தீர்வாகாது. பாசன நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்சு வரை இருந்தால் பயிருக்கு இடர் இல்லை என்றும், 3 ஐத் தாண்டினால் கடுமையான இடர் என்றும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டி வகுத்துள்ளது. 2 என்ற அளவுள்ள நீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் உப்பு உண்டு. நாளுக்கு 6 லிட்டர் வீதம் ஒரு மாதம் ஊற்றினால் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ கால் கிலோ உப்பு வந்து சேரும். நீர் ஆவியாகிவிடும்; உப்பு தங்கிவிடும். இலையின் ஓரம் கருகத் தொடங்கியதும் நீர் போதவில்லை என எண்ணி மேலும் அதே நீரை ஊற்றுவோர் பலர். அதனால் கேடு பெருகுமே அன்றிக் குறையாது.

நிழல் அமைத்துத் தேவையைக் குறைப்பதே இதற்குச் சிறந்த வழி. தென்னை நிழலோ, பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலையோ போதும். மண்ணை வைக்கோலால் மூடினால் ஆவியாதல் மேலும் குறையும். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதோடு நில்லாமல், வாரம் ஒருமுறை கிடைக்கும் நீரில் உப்புக் குறைந்ததைப் பாத்தி நிறையப் பாய்ச்சினால் சேர்ந்த உப்பு வேருக்குக் கீழே இறங்கும். மணலில் நீர் எளிதில் வடிவது இங்கு நன்மையாகின்றது. உவர்நீரை இலைமேல் தெளித்தலாகாது, வேரில் ஊற்றவேண்டும். கடற்காற்றால் இலைமேல் உப்புப் படிந்திருந்தால் நல்ல நீரால் கழுவிவிடலாம்.

கத்திரி வெயிலில் இலைகள் காய்ந்துபோனாலும் செடி இறந்துவிட்டதாகக் கொள்ளவேண்டியதில்லை. ஓடுதண்டு உயிரோடிருந்தால் மழைக்குப் பின் கணுக்களிலிருந்து மீண்டும் தளிர்க்கும்.

மழைக்காலம்

ஆடி முதல் புரட்டாசி வரை மாலை நேர இடிமழை அவ்வப்போது பெய்யும். நாட்காட்டியைப் பார்த்து நீர் விடாமல், விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து விடுவது இக்காலத்திற்குப் பொருந்தும்.

இப்பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகக் கிடைக்கின்றது. அப்போது நீர் விடுவதைவிட வடிப்பதே வேலை. வல்லாரை சேற்றைத் தாங்கும் என்றாலும், நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் இலை மஞ்சளாகி வேர் அழுகும். பாத்தியை 15 முதல் 20 செ.மீ. உயர்த்தி, சுற்றிலும் வடிகால் வெட்டுதல் வேண்டும். 2022 திசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டசு புயல் போன்றவை வரும்போது பாத்தியில் படியும் வண்டலையும் நீக்கவேண்டியிருக்கும். மழையால் விளையும் பெரும்பயன், கோடையில் சேர்ந்த உப்பை அது கழுவிவிடுவதாகும்.

பனிக்காலம்

தை, மாசி மாதங்களில் இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் நீர் விட்டால் போதும். மண்ணில் உப்புக் குறைந்து, கிணற்றில் நன்னீர் மிகுந்திருக்கும் இக்காலமே புதிய கணுக்களை நடுவதற்கும் ஏற்றது.

நீரின் தூய்மை

வல்லாரை காரீயம், காட்மியம் முதலிய உலோகங்களை மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் உறிஞ்சிச் சேர்க்கக்கூடியது. அவ்வாறு உள்ளே சென்றவை கழுவினால் போகா. இலங்கையில் இதனைச் சம்பலாகப் பச்சையாகவே உண்பர் என்பதால், கழிவுநீரிலுள்ள நோய்க்கிருமிகளும் இடராகும். எனவே சாக்கடை ஓரத்தில் செழித்து வளர்ந்திருப்பதைப் பறிக்கலாகாது. பாத்திரம் கழுவிய சோப்பு நீரையும் இதற்கு விடாதிருத்தல் நன்று.