கரண்டியை எங்க வைக்கிறது?

காவேரிப்பாக்கம்னு இணையத்துல தேடிப் பாருங்க. ரெண்டு விஷயம் வரும். ஒண்ணு, எங்க ஊர் ஏரி, பல்லவர் காலத்துது. இன்னொண்ணு 1752-ல ராபர்ட் கிளைவ், ராஜா சாகிப்போட படையையும் பிரெஞ்சுக்காரங்களையும் தோற்கடிச்ச சண்டை. அந்தச் சண்டையில பீரங்கியை எங்க நிறுத்தினாங்கன்னு புத்தகத்துல தேடினா கிடைக்கும். அதே ஊர்ல அன்னைக்கு ராத்திரி குழம்பு கிண்டின அகப்பையை எங்க வச்சாங்கன்னு யாரும் எழுதி வைக்கல.

இன்னைக்கு எபிசோட் அந்த ரெண்டாவது கேள்வியைப் பத்தித்தான். சாம்பாரைக் கிண்டிட்டு கரண்டியை வெளிய எடுக்கிறீங்க. சொட்டுது. இன்னும் அஞ்சு நிமிஷத்துல திரும்ப வேணும், அதனால கழுவ முடியாது. எங்க வைப்பீங்க? மேடை மேலயா, மூடி மேலயா, பாத்திரத்துக்குள்ளயே விட்டுடுவீங்களா? கேட்கச் சின்ன விஷயமாத்தான் இருக்கும். ஆனா நம்ம வீட்டு அடுப்படி எப்படி மாறுச்சு, யாரைக் கேட்டு மாறுச்சுங்கிற கதை முழுக்க இந்தக் கேள்விக்குள்ள இருக்கு.

முதல்ல அகப்பை. கொட்டாங்கச்சியில ஓட்டை போட்டு மூங்கிலோ மரமோ காம்பாச் செருகினா அகப்பை. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்னு இன்னைக்கும் சொல்றோம். ஏன் கொட்டாங்கச்சி? மலிவுங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணம், சமைச்சது மண்சட்டியில. இரும்புக் கரண்டியை வச்சு வேகமாக் கிண்டினா சட்டி விரிசல் விடும். கொட்டாங்கச்சி மண்ணோட சண்டை போடாது, புளியோடயும் சண்டை போடாது. அதனால குழம்புக்குள்ளயே விட்டு வைக்கலாம், சட்டி வாய் மேல குறுக்கே போடலாம். வேலை முடிஞ்சதும் கழுவி, கூரை மூங்கில் இடுக்குல செருகிடலாம்.

ஆனா கொட்டாங்கச்சியும் மரமும் மக்கிப் போயிடும், மண்சட்டி மக்காது. நம்ம பழைய வட ஆற்காட்டுப் பகுதியிலேயே, திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளின்னு ஒரு ஊர். 1960கள்ல இந்தியத் தொல்லியல் துறை அங்க தோண்டினப்போ புதிய கற்கால மக்களோட பானை ஓடுகள் கிடைச்சுது. கூடவே கருகின கொள்ளும் பச்சைப் பயறும். ஆக, என்ன சமைச்சாங்கன்னு தெரியும். எதை வச்சுக் கிண்டினாங்கங்கிறது மண்ணோட மண்ணாப் போயிடுச்சு. வரலாற்றுல அகப்பை காணாமப் போனதுக்கு முதல் காரணம் இதுதான்.

'வைக்கிற இடம்' அப்படிங்கிறதையே ஒரு பொருளாச் செஞ்சவங்கதான் நம்ம ஆளுங்க. பானையோட அடி உருண்டையா இருக்கும். அடுப்புல மூணு கல்லு நடுவுல கச்சிதமா உட்காரும், தரையில வச்சா உருளும். அதுக்காகப் பிரிமணை, வைக்கோலையோ நாரையோ முறுக்கிச் செஞ்ச வளையம். ஆதிச்சநல்லூர் மாதிரி இரும்புக் காலத் தலங்கள்ல சுட்ட மண்ணால செஞ்ச வளையத் தாங்கிகளே கிடைச்சிருக்கு. ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னாடியே ஒருத்தர் யோசிச்சிருக்கார்: பானையைச் செஞ்சா மட்டும் போதாது, அதை இறக்கி வைக்க ஒரு இடத்தையும் சேர்த்துச் செய்யணும்.

அடுத்தது பித்தளை. வசதியான வீடுகள்ல மண்சட்டி போய்ப் பித்தளைப் பாத்திரம், பித்தளைக் கரண்டி வந்துச்சு. புளியில இருக்கிற அமிலம் பித்தளையில இருக்கிற தாமிரத்தைக் கரைக்கும். குழம்பு கசக்கும், களிம்பு ஏறும். அதுக்குத்தான் பாத்திரத்துக்கு உள்பக்கம் ஈயம் பூசினாங்க. ஈயம் தேஞ்ச கரண்டியைப் புளிக்குழம்புல விட்டு வச்சா அதே பிரச்சினை. ஆக, 'கரண்டியை வெளிய எடுத்து வை'ங்கிறது சுத்தம் சம்பந்தப்பட்ட விதி மட்டும் இல்ல. அது ஒரு வேதியியல் விதி.

வெளிய எடுத்து எங்க வைக்கிறது? அப்போ சமையல் தரையில. உட்கார்ந்து சமைக்கிறவங்களுக்குச் சுத்தி ஒரு கை தூரம் முழுக்க இடம்தான். பக்கத்துல ஒரு தட்டு, இல்லன்னா கவிழ்த்து வச்ச மூடி. முடிஞ்சதும் சாணி போட்டு மெழுகிடலாம்.

இதைக் கேட்டுட்டு 'அந்தக் காலம் பொற்காலம்'னு நினைச்சுடாதீங்க. விறகுப் புகையில கண்ணு போச்சு, குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சு. கரண்டிக்கு ஒரு இடம் இருந்துச்சு, ஆனா அந்த இடத்துக்குப் பின்னாடி வேற விதிகளும் இருந்துச்சு. சில வீடுகள்ல, குறிப்பாப் பிராமண வீடுகள்ல, 'பத்து'ன்னு ஒரு கணக்கு உண்டு. சோத்துல பட்ட கரண்டியை அப்படியே தயிர்லயோ ஊறுகாய்லயோ போடக் கூடாது. வெந்த சோறு சீக்கிரம் கெடும், ஊறுகாயைக் காப்பாத்தணும்னு பார்த்தா அது நியாயமான விதி. அதே சமையலறையோட வாசல்லயே யார் உள்ள வரலாம், யார் கை பட்டா தீட்டுங்கிற சாதி விதியும் நின்னுச்சு. முதல் விதியை வச்சுக்கலாம். ரெண்டாவதைத் தூக்கிப் போடணும். ரெண்டையும் ஒரே மூட்டையாக் கட்டி 'நம்ம பாரம்பரியம்'னு நீட்டுறவங்ககிட்ட நீங்கதான் பிரிச்சுப் பார்க்கணும்.

இப்போ பெரிய மாற்றத்துக்கு வருவோம். 1950கள்ல பம்பாய்ல பர்மா ஷெல் கம்பெனி சமையல் எரிவாயு விற்க ஆரம்பிச்சுது. 1965-ல கல்கத்தாவுல முதல் இண்டேன் இணைப்பு. நம்ம பக்கத்துச் சின்ன ஊர்கள்ல ஏழை வீடு வரைக்கும் கேஸ் வந்து சேர்றதுக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. 2006-க்கு அப்புறம் தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச கேஸ் அடுப்பு அதுல ஒரு பெரிய படி.

கேஸ் வந்ததும் அடுப்பு தரையை விட்டு மேடைக்கு ஏறுச்சு. சமைக்கிறவங்க எழுந்து நின்னாங்க. புகை போச்சு. இது உண்மையிலேயே பெரிய விடுதலை. ஆனா சுத்தி இருந்த அந்த ஒரு கை தூரமும் கூடவே போயிடுச்சு. மேடை ரெண்டடி அகலம். அதுல பாதியை அடுப்பே எடுத்துக்கும், மிச்சத்துல மிக்ஸி, தண்ணிக் குடம், அஞ்சறைப் பெட்டி. அடுப்பு மேல ஏறுச்சு, கரண்டியோட இடம் கீழேயே நின்னு போச்சு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. எங்க பக்கம் நிறைய வீட்டு மேடையில கடப்பாக் கல். பக்கத்து ஆந்திராவுல இருந்து வருது, விலை குறைவு. கடப்பாக் கல்லுங்கிறது சுண்ணாம்புக் கல் வகை. அமிலம் பட்டா அரிக்கும். புளிக்குழம்புக் கரண்டியை அது மேல வச்சு, அரை மணி நேரம் கழிச்சுத் துடைச்சாலும் வெளுத்த தடம் போகாது. பழைய கடப்பா மேடை இருந்தா போய்ப் பாருங்க, அடுப்புக்கு வலது பக்கம் மங்கலான திட்டுகள் இருக்கும். அந்தச் சமையலறையை வடிவமைச்சவங்க கரண்டியை மறந்துட்டாங்க, கல்லு மறக்கல.

வடிவமைக்கிறவங்களுக்குச் சமைக்கத் தெரியணுமா? அவசியம் இல்லைங்கிறதுக்கு உலகத்துல ஒரு பெரிய உதாரணம் இருக்கு. 1926-ல மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி அப்படிங்கிற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், ஜெர்மனியில தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 'பிராங்பர்ட் சமையலறை'யை வடிவமைச்சார். சுமார் 10,000 வீடுகள்ல அது வந்துச்சு. இன்னைக்கு நம்ம மாடுலர் கிச்சன்னு காசு கொட்டிச் செய்யிறதுக்கெல்லாம் பாட்டி அதுதான். அவங்களே பின்னாடி சொல்லியிருக்காங்க, அதை வடிவமைக்கிறப்போ தனக்குச் சமையலே தெரியாதுன்னு. ஆனா எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கு, எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளந்து பார்த்த ஆய்வுகளை எடுத்துக்கிட்டு வேலை செஞ்சாங்க. காய் நறுக்குற பலகையில குப்பையைத் தள்ளி விடுறதுக்குக்கூட ஒரு இழுப்பறை வச்சாங்க. நான் சாஃப்ட்வேர் ஆளு. எங்க வேலையில இதுக்குப் பேரு பயனர் ஆய்வு. தெரியலன்னா தப்பில்ல, கேட்கணும்.

கேட்கிற பழக்கம் நம்ம ஊர்ல இல்லாம இல்ல. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ தொழிற்சாலைகள்ல ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்யறாங்க. இந்த மாதிரி தொழிற்சாலைகள்ல 'ஃபைவ் எஸ்'னு ஜப்பான்ல இருந்து வந்த ஒரு முறை பிரபலம். அதுல ஒண்ணு 'செய்டன்': ஒவ்வொரு கருவிக்கும் ஒரு இடம், கை எட்டுற தூரத்துல. கத்தரிக்கோலைத் தேடி ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் வீணாச்சுன்னா அது கம்பெனிக்கு நஷ்டம், அதனால கணக்குப் பார்க்கிறாங்க. ஆம்பூர் பிரியாணிக் கடையிலயும் பாருங்க, மாஸ்டரோட நீளக் கரண்டிக்குன்னு பக்கத்துல ஒரு தட்டோ கவிழ்த்த மூடியோ இருக்கும். காசுக்குச் செய்யிற வேலையில கருவிக்கு இடம் இருக்கு. அதே பெண் சாயங்காலம் ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்து அடுப்பு முன்னாடி நின்னா, அங்க இல்ல. ஏன்னா அந்த நேரத்தை யாரும் நஷ்டக் கணக்குல எழுதுறதில்ல.

எழுதின ஒரு கணக்கு இருக்கு. 2019-ல இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. அப்போ வீட்டு வேலை செஞ்ச பெண்கள் அதுக்காக ஒரு நாளைக்குச் சராசரியா 299 நிமிஷம் செலவு பண்ணினாங்க. வீட்டு வேலை செஞ்ச ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் செஞ்ச ஆண்களோட சராசரிதான். கணக்கெடுப்புல கேட்ட அன்னைக்கு வீட்டு வேலை செஞ்ச ஆண்களே நாலுல ஒருத்தர்தான். அந்த 299 நிமிஷத்துக்குள்ள மேடையைத் திரும்பத் திரும்பத் துடைக்கிற நிமிஷங்களும் இருக்கு.

தீர்வு பெருசா ஒண்ணும் இல்ல. அடுப்புக்குப் பக்கத்துல, சமைக்கிறவங்க எந்தக் கையால கிண்டுறாங்களோ அந்தப் பக்கம், ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு. கறி, மீனை வேகுறதுக்கு முன்னாடி தொட்ட கரண்டிக்கு வேற தட்டு. ஒவ்வொரு வேளையும் ரெண்டையும் கழுவிடணும், முந்தின நாள் சாம்பார் காய்ஞ்ச தட்டுல இன்னைக்குக் கரண்டியை வச்சா பாக்டீரியாவுக்கு விருந்து வைக்கிற மாதிரி. பாத்திரத்துக்குள்ளயே விட்டா காம்பு சுடும், மூடியும் மூடாது. புதுசா வீடு கட்டுறீங்களா? மேஸ்திரிகிட்டயும் எஞ்சினியர்கிட்டயும் பேசுறதுக்கு முன்னாடி, அங்க நிக்கப் போறவங்ககிட்ட மேடை உயரத்தையும் அகலத்தையும் கேளுங்க. நிக்கப் போறது நீங்களா இருந்தா ரொம்ப சந்தோஷம்.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை. உங்க வீட்டுல சமைக்கிறவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'கரண்டியை எங்க வைக்கிறீங்க, அது வசதியா இருக்கா?' பாட்டி இருந்தா, அவங்க சின்ன வயசுல அகப்பை எங்க இருந்துச்சுன்னும் கேளுங்க. பதிலைக் குரல் பதிவா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கலாம். கிளைவோட பீரங்கிக்குப் புத்தகத்துல இடம் இருக்கு. அகப்பைக்கான இடத்தை நாமதான் எழுதி வைக்கணும்.